கொலையாளி யார் என்பது முக்கியம்தான்

கும்பகோணத்து வாசகர் வட்டம் ஒன்றின் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் குழுவிலுள்ள மற்ற மூவருக்கும் வணக்கம்.

அடுத்த வருஷத்துக்கான 12 நாவல்களின் பட்டியல் நூலக வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கையெழுத்து செயலாளர் அண்ணனுடையது, முத்து முத்தாக இருந்தது. பட்டியலைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது, விருது வாங்கியவை. மிச்சம் மூன்றில் இரண்டு, குழுவுக்கு வேண்டியவர்கள் எழுதியவை. பன்னிரண்டாவதை ஏன் எடுத்தீர்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனாலேயே அதன் மேல் ஒரு நம்பிக்கை.

கூட்டத்தில் எழுந்து சொல்லலாமே என்பீர்கள். கேள்வி நேரம் வருவதற்குள் திருவிடைமருதூர் பஸ் வந்துவிடுகிறது. பெண்கள் பாதிப் பேர் அதில்தான் போக வேண்டும். எனவே எழுதுகிறேன்.

மாசி மாதக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று வருஷம் நான் நச்சரித்ததில் ஒரு துப்பறியும் நாவலைச் சேர்த்தீர்கள். மதிப்புரை சொல்ல வந்தவர் தமிழ்ப் பேராசிரியர், நல்ல மனிதர், சங்கப் பாட்டு பற்றி அவர் பேசினால் நாள் பூராவும் கேட்கலாம். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது நிமிஷத்தில் சொன்னார்: “கொலை செய்தது கம்பவுண்டர்தான். அது முக்கியமில்லை. இந்த நாவல் சமூகத்துக்கு என்ன சொல்கிறது என்பதே நம் கேள்வி.”

எனக்கு முன் வரிசையில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி. மடியில் அந்த நாவல். எதுவரை படித்தோம் என்ற அடையாளத்துக்கு டவுன் பஸ்ஸின் கட்டணமில்லா டிக்கெட்டைச் செருகியிருந்தாள், பாதியைத் தாண்டவில்லை. அவர் சொன்னதும் டிக்கெட்டை உருவினாள், கசக்கினாள், புத்தகத்தைப் பைக்குள் போட்டாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

“அது முக்கியமில்லை” என்ற சொல்லில்தான் என் சண்டை முழுவதும் இருக்கிறது. யார் செய்தது என்ற ஒற்றைக் கேள்விக்காகவே எழுதிய நாவல் அது. 280 பக்கம் அந்த விடையை நம் கண்ணெதிரே வைத்துக்கொண்டே மறைக்கப் பட்ட பாடு மூன்று நிமிஷத்தில் போயிற்று. பிறகு நாற்பது நிமிஷம் அதன் மேல் குற்றப்பத்திரிகை: சமூகப் பிரச்சினை இல்லை, மொழி வெகுஜன மொழி, கிராமம் வரவில்லை. புளியோதரை வாங்கி வைத்துக்கொண்டு இதில் பாயசம் எங்கே என்று தேடிய கதை.

நான் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? 38ஆம் பக்கத்தில் கம்பவுண்டர், கிளினிக் சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு நாளாகிறது என்று சலித்துக்கொள்கிறார். 44இல் அவருடைய போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறது. வாட்ச் கட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது என்று முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. 61இல் போலீஸிடம், “டாக்டர் ரூம் லைட்டு ஒன்பது பத்துக்கு அணைஞ்சது” என்கிறார். எல்லாம் கண்முன்னே கிடக்கிறது. நான் கோட்டை விட்டேன். முடிவு தெரிந்ததும் திரும்பிப் போய் 38ஐப் புரட்டி, நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன். இதுதான் அந்த வகை நாவல் வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதை எழுத்தாளர் காப்பாற்றியிருக்கிறார். மச்சினன் எழுதிய கடிதம் என்று ஒன்றை 260ஆம் பக்கத்தில் திடீரென்று எடுத்துப் போடுகிறாரே, அங்கே காப்பாற்றவில்லை. அது அழுகுணி ஆட்டம். அதைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் நம் பேராசிரியர். உலுக்கியிருந்தால் அந்த எழுத்தாளருக்கும் பிரயோஜனம். (நாவலின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒரு தடவை கெடுத்தது போதும்.)

எங்கள் அப்பா மடத்துத் தெருவை ஒட்டிய சந்தில் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒருவர் 1991இல் எடுத்த இரண்டு புத்தகங்களை இன்னும் திருப்பித் தரவில்லை, போகட்டும். விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. வார இதழ்த் தொடர்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்வது அம்மா. பசை காய்ச்சுவது நான்: மைதா, தண்ணீர், பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம். பட்டுக்கோட்டை பிரபாகரின் மாத நாவல் வந்தால் பைண்டுக்குப் போகவே நேரமிருக்காது, அட்டை கிழியும்வரை கை மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த வால்யூம்களின் கடைசி வெள்ளைத் தாளில் வாசகர்கள் பென்சிலால் எழுதிவைப்பார்கள். ‘சுமார்.’ ‘முடிவு சொதப்பல்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்து: ‘முடிவுதான் நல்லாருக்கு, ஆரம்பம்தான் இழுவை.’ ‘அழுதுட்டேன்.’ ‘இதுக்கா?’ ஒன்றில் ‘பிள்ளைகள் படிக்க வேண்டாம்’ என்று யாரோ எழுதப்போக, அந்த வால்யூம் பள்ளிக்கூடப் பையன்களிடமே சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாள் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். புது மெம்பர் வந்தால் முதலில் அந்தக் கடைசித் தாளைத் திருப்பித்தான் கையில் கொடுப்பார். நான் பார்த்த முதல் மதிப்புரைகள் அவை. ஒருவர்கூடக் கதையைச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அடுத்து எடுக்கப்போகிறவர் பக்கத்துத் தெருக்காரர்.

புத்தகம் சிபாரிசு செய்வதற்கு அப்பாவிடம் ஒரு கேள்வி இருந்தது. “கடைசியா எந்தப் புஸ்தகத்தைப் பாதியில வச்சீங்க?” என்ன பிடிக்கும் என்று கேட்டால் எல்லாரும் பெரிய பெயராகச் சொல்வார்கள், எதைக் கீழே வைத்தாய் என்று கேட்டால்தான் உண்மை வரும் என்பார். ஒரு டீச்சரம்மா பேய்க்கதை ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். எந்த இடத்தில் என்று அப்பா கேட்டார். பேய் வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் வைத்தாராம். “அப்ப உங்களுக்குப் பேய் பிடிக்காமயில்ல, பேய் பேசுறதுதான் பிடிக்கல” என்று சொல்லி வேறொரு பேய் நாவலை எடுத்துக் கொடுத்தார். அதில் கடைசிவரை பேய் வரவே வராது. மறுநாள் காலையில் டீச்சரம்மா வீட்டுக்காரர் வந்து, ராத்திரி மூன்று மணிவரை லைட் எரிந்தது என்று அப்பாவிடம் சண்டை போட்டார்.

நம் குழு யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வட்டத்துக்கு வருகிற முப்பது நாற்பது பேர் எதைப் பாதியில் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று தெரியாமல் அவர்களுக்கு ஒரு வருஷத்து நாவலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பலர் படிக்காமலே வந்து உட்கார்கிறார்கள். மதிப்புரையாளரும் அது தெரிந்து கதையை முழுக்கச் சொல்கிறார். கதை தெரிந்துவிட்டதால் அப்புறமும் யாரும் படிப்பதில்லை. சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது.

விருதுக்கு நான் எதிரி இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நாலு பேர் படித்ததை வைத்து நீங்கள் ஐந்து பேர் படிக்காமல் விடலாமா?

சரித்திர நாவலுக்கு வருகிறேன். போன வருஷம் சோழர் கால நாவல் ஒன்றை எடுத்தோம். பேசியவர் ஐம்பது நிமிஷம் கடாரம் வென்றதையும் கங்கை வரை போனதையும் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் மதிப்புரை செய்தது சோழர் ஆட்சியை. நாவல் மேஜை மேலேயே கிடந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர், ராஜராஜன் மடைப்பள்ளியில் மிளகாய் அரைக்கிறார்களே, மிளகாய் அதற்கு ஐந்நூறு வருஷம் கழித்துப் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்ததாயிற்றே என்று கேட்டார். சபை சிரித்தது. சரியான கேள்விதான், ஆனால் அந்த மிளகாயை நான் மன்னித்துவிடுவேன். ஒரு வரியில் வந்து போகிறது, எடுத்துவிட்டு மிளகைப் போட்டால் தீர்ந்தது.

தீராதது வேறு. கதாநாயகி பெரிய கோயிலில் ஆடுகிறவள். எந்த ஊரிலிருந்து வந்தாள், எங்கே குடியிருந்தாள், எதை வைத்துச் சாப்பிட்டாள், ஒன்றும் கிடையாது. நிலா, மல்லிகை, கொலுசுச் சத்தம். அதே கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயரை ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷமாக அந்த வீட்டுக் கதவுகள் ஒரு நாவலாசிரியருக்காகத் திறந்து கிடக்கின்றன, இவர் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவது சரித்திர நாவலின் உரிமை. தெரிந்ததை எட்டிக்கூடப் பார்க்காதது சோம்பல். இதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சோழர் பெருமை பேசிய புத்தகத்தைக் குறை சொன்னால் சோழரையே சொன்னதாகிவிடும் என்று ஒரு பயம்.

தப்புகளில் எது கனமானது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் வட்டத்திலேயே இருக்கிறார். நாச்சியார்கோவில் பக்கம் ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறவர், எப்போதும் ஜன்னலோரம் உட்காருவார். மண்வாசனை என்று சென்னைப் பத்திரிகைகள் கொண்டாடிய டெல்டா நாவலைப் பேசிய அன்று என் பக்கம் சாய்ந்து, “தையில குறுவை நடுறாரும்மா இவரு” என்றார். நான் மிளகாய் மாதிரிதானே இது என்றேன். இல்லை என்று தலையாட்டினார். “குறுவைன்னா மேட்டூர் தொறந்து ஆனி ஆடியில நடுறது. புரட்டாசி ஐப்பசியில அறுப்பு. அறுப்புல அடைமழை பிடிச்சுக்கும், நெல்லு வயல்லயே முளைக்கும், கடன்காரன் வாசல்ல நிப்பான். தையில நட்டா அது கோடை நெல்லு, போர்வெல் தண்ணி. சித்திரை வைகாசியில அறுத்துடலாம். அப்ப ஏது அடைமழை?” அந்த நாவலில் அறுப்பு நேரத்து மழையில்தான் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு குடும்பம் உடைகிறது. மாதம் தப்பென்றால் மழை தப்பு, மழை தப்பென்றால் குடும்பம் உடைந்ததும் பொய். ஒரு தப்பின் மேல் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவரே அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: “ஆனா அந்தக் கெழவி பாத்திரத்தைப் பங்கு வைக்கிறா பாரு, குத்துவிளக்க மட்டும் மடியில வச்சுக்கிட்டு. எங்க அம்மாவை நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு.”

இரண்டு வாக்கியத்தில் அந்த நாவலின் பலவீனமும் பலமும் முடிந்தது. மேடையில் முக்கால் மணி நேரம் ஓடியது. அவரை ஒரு தடவையாவது மதிப்புரை சொல்ல அழைத்திருக்கிறோமா?

அந்தத் துப்பறியும் நாவலிலும் இதே தராசுதான். கதை 2025இல் நடக்கிறது. கொலைக்கு இன்ஸ்பெக்டர் பேச்சில் ‘முந்நூற்று இரண்டு’ என்கிறார். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம், கொலைக்குப் பிரிவு 103. பேச்சில் பழைய எண் வருவது இயற்கை, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் தங்கை வீட்டுக்காரரே இன்னும் அப்படித்தான் சொல்கிறார். எஃப்.ஐ.ஆரிலேயே 302 என்று எழுதுகிறாரே, அது தப்பு. மிளகாய்த் தப்பு.

இனி கொஞ்சம் கோபம் வரக்கூடிய விஷயம். பாடுபட்டவர்களின் கதை என்றால் நம் சபை எழுந்து நிற்கிறது. நிற்க வேண்டும். 1968இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய மண் இது. அந்தக் கதைகளைத் தள்ளிவிட்டு இங்கே நாவல் வாசிப்பு என்று ஒன்று கிடையாது. ஆனால் நின்று முடித்து உட்கார்ந்த பிறகு, நடுவில் எழுபது பக்கம் ஏன் இழுக்கிறது, பண்ணையார் ஏன் எல்லா நாவலிலும் ஒரே மீசையோடு வருகிறார், கூலிக்காரப் பெண் ஏன் ஒரு தடவைகூடச் சிரிக்க மாட்டேனென்கிறாள் என்று கேட்கக் கூடாதா? கேட்காமல் விடுவது மரியாதை மாதிரி தெரிகிறது. எழுதியவருடைய வலியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். கம்பவுண்டர் நாவலுக்கு நாற்பது நிமிஷம் திட்டு, இதற்கு நாற்பது நிமிஷம் பாராட்டு. இரண்டிலும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

காதல் நாவல் பற்றி நம் கூட்டத்தில் பேச்சே எழாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியைத் திறந்து அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார்கள், திருநாகேஸ்வரம் தாண்டுவதற்குள் இரண்டு முடிகிறது. நாவல் படிக்கிறவர்களை இந்த ஊரில் எண்ணினால் அவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். இருவரும் சேர்வார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். எதைத் தாண்டிச் சேர்கிறார்கள், அந்தத் தடை நிஜத் தடையா அல்லது ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடுகிற தடையா என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது. விஞ்ஞானப் புனைவில் நான் கத்துக்குட்டி. தொடக்கத்தில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சமெல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. இங்கே கடற்கரை ஓரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வருவதை வைத்து யாராவது ஒன்று எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

இந்த மேல் கீழ் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் தமிழின் முதல் நாவலை அச்சில் கொண்டுவந்தபோது வகை பிரிக்க ஆளில்லை. துப்பறியும் நாவல்களால் தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கிய துரைசாமி ஐயங்கார் நம் வடுவூர்க்காரர். தரம் தரம் என்று வாழ்நாளெல்லாம் பட்டியல் போட்டுச் சண்டை வாங்கிய விமர்சகர் க.நா.சு. பிறந்தது வலங்கைமானில். இரண்டு ஊருக்கும் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் கும்பகோணம் திரும்பிவிடலாம். உண்மையைச் சொன்னால் க.நா.சு. இன்று இருந்தால் என் கட்சியில் சேர்ந்திருக்க மாட்டார், வெகுஜன நாவலா என்று முகத்தைச் சுளித்திருப்பார். ஆனாலும் படித்துவிட்டுச் சுளித்திருப்பார், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று பெயரைச் சொல்லி எழுதியிருப்பார். நம் வட்டத்தில் ஒரு நாவலைக்கூட ‘சுமார்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பென்சில்காரர்களுக்கு இருந்த தைரியம் மைக்கைப் பிடித்தவுடன் எங்கே போகிறது?

இதற்காக வகைக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொடுத்தால் மாசி மகம் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை துப்பறியும் நாவல் வந்து போகும், அவ்வளவுதான். பட்டியலில் ஏறுமுன் ஒவ்வொரு நாவலையும் இரண்டு பேர் முழுசாகப் படிக்கட்டும்: அந்த வகையைத் தேடித் தேடிப் படிக்கிற ஒருவர், அந்தப் பக்கமே போகாத ஒருவர். முதலாமவர், வகை தெரிந்ததால் எதைப் பார்த்து அலுத்திருக்கிறார் என்று சொல்வார். இரண்டாமவர், எந்தப் பக்கத்தில் கீழே வைக்கத் தோன்றியது என்று சொல்வார். இருவரும் சண்டை போட்டால் அந்த நாவலைக் கட்டாயம் எடுங்கள். மதிப்புரையாளர் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதையைச் சொல்ல வேண்டாம். மிச்சத்துக்கு அவர் பக்க எண்ணைச் சொல்லட்டும், படித்தவர்கள் புரட்டிக்கொள்வார்கள். ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். மொழி நன்றாயிருக்கிறது என்று சொல்வதைவிட அது ஒரு நிமிஷ வேலை.

விலையையும் கொஞ்சம் பாருங்கள். நாவல் பல 400, 500 ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை. நூலகத்தில் இருப்பது ஒரு பிரதி, அதைக் குழுவில் ஒருவர் இரண்டு மாதமாக வைத்திருக்கிறார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதிய ரங்கநாதன் சீர்காழிக்காரர். அதே வருஷம்தான் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். நாம் மாடு பூட்ட வேண்டாம். வட்டத்துச் சந்தாவில் பொன்னாடை வாங்குவதை நிறுத்தினால் மாதம் இரண்டு பிரதி கூடுதலாக வாங்கலாம், கை மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கல்லூரிப் பெண்ணைப் போன வாரம் மகாமகக் குளத்துப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நாவலை முடித்தாயா என்று கேட்டேன். “முடிச்சிட்டேங்கா. கம்பவுண்டர்னு தெரிஞ்சப்புறம் ஒவ்வொரு பக்கமும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். வேற யாரையும் பாக்க முடியல” என்றாள். ஒன்பது பத்து என்று அவர் மணி சொல்கிற இடத்தைக் கண்டுபிடித்தாயா என்றதற்கு முகம் மலர்ந்து, இல்லை, எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். பஸ்ஸில் ஏறும்போதே பையிலிருந்து எடுத்துவிட்டாள்.

வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு அவளை அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் பைண்டு வால்யூம் இரண்டை நானும் எடுத்துவருகிறேன். 1991 வாடகை பாக்கியைப் பற்றிப் பேச மாட்டேன். புத்தகம் இரண்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
மடத்துத் தெரு வாடகை நூல் நிலையக்காரர் மகள்